சமைச்சதைப் போடாதீங்க

அந்தப் பையில இருக்கறது தேங்கா நார்த்தூள் கட்டிதானுங்க அம்மிணி? பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு. செங்கல்லாட்டம் இருக்கும், தண்ணியில ஊறப்போட்டா ஒரு குண்டா நிறைய உப்பிக்கும். வீட்டுக் குப்பையை மக்க வைக்கத்தான வாங்கிட்டுப் போறீங்க? இப்பத்தான் ஆரம்பிக்கறீங்களா? நல்லதுங்க. பண்ணுங்க. வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன்.

கொஞ்சம் தள்ளிக்கறேன், பை நசுங்கிரும். முன்னாடி எடமிருக்கறப்ப இவ எதுக்கு இங்க வந்து நெருக்கறான்னு நினைச்சிருப்பீங்க. அதோ, ரெண்டு சீட்டு முன்னாடி, ஜன்னலோரமா காதுல ஒயரை மாட்டிட்டு ஒரு புள்ள உக்காந்திருக்கே, நீலத்துல முழுக்கைச் சட்டை, அது எம்புள்ளைதானுங்க. பிரகதி. பதினொண்ணாவது படிக்கறா. நீ பக்கத்துல உக்காந்தீன்னா பெருந்துறையிலயே எறங்கிருவேன்னு சொல்லிட்டா. சொன்னாச் செய்யறவ. அதான் இங்க வந்துட்டேன். இங்கிருந்தாலும் தலை தெரியுதில்லீங்களா, அது போதும். கோயமுத்தூர்ல ஒரு டாக்டரைப் பார்க்கப் போறோம்.

இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை. கேட்டா குளுருதுங்கறா.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. சமைச்சதைப் போடாதீங்க. புதுசாப் பண்றவங்க எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. காய்த்தோலு, பழத்தோலு, வெங்காயச் சருகு, டீத்தூளை அலசிட்டுப் போடலாம், முட்டை ஓட்டை நுணுக்கிப் போடலாம். ஈரமா ஒரு கை போட்டா மேல காஞ்ச எலை ரெண்டு கை போடணும், இல்லீன்னா இந்த நார்த்தூளைத் தூவணும். மொதல்ல கொஞ்சம் புளிச்ச மோரு தெளிச்சு விடணும். நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா குச்சியை விட்டுக் கிளறோணும், காத்து போகோணுமில்ல. சோறு, கொழம்பு, எண்ணெய்ப் பலகாரம் இதெல்லாம் பழகினவங்களுக்குத்தான் சரிப்படும். நமக்குத் தண்ணி விட்டுக்கும், நாத்தம் எடுத்துரும், வெள்ளைப் புழு வந்துரும்.

இதெல்லாம் எனக்கு அவ சொல்லிக் கொடுத்ததுதானுங்க. எனக்கென்ன தெரியும். நான் சோறாக்குவேன், அவ்வளவுதான்.

போன வருசம் பள்ளிக்கூடத்துல எஸ்தர் மிஸ்ஸுன்னு ஒருத்தங்க, செடி கொடி மேல ஆசையானவங்க, புள்ளைங்களை வெச்சு இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்து ஒரே பிடிவாதம். அவங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கற மாதிரி, பக்கத்துல எல்லாம் ஓட்டை போட்ட மண் தொட்டி மூணு வாங்கிட்டு வந்துட்டா. வூட்டுக்குப் பின்னாடி, பொடக்காளியில துவைக்கற கல்லுக்குப் பக்கத்துல வெச்சாச்சு. நான் சத்தம் போட்டேனுங்க. வூட்டுக்குள்ள குப்பையைச் சேர்த்து வைக்கவா உன்னைப் படிக்க அனுப்பறோம்னேன். "அம்மா, மண்ணு வாசம்தான் வரும், நீ பொறுத்துப் பாரு"ன்னா.

பொறுத்துப் பார்த்தா அப்படியே மண்ணு வாசம். மழை பேஞ்சு விட்டாப்புல. கருகருன்னு, பொலபொலன்னு, அது குப்பையா இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. ரெண்டு கையிலயும் அள்ளிட்டு வந்து என் மூக்குக்கிட்ட வெச்சா. அன்னிக்கு அவ மூஞ்சியில இருந்த சிரிப்பை நான் அப்பறம் பார்க்கவே இல்லீங்க.

அதுக்கப்பறம் தைமாசம் எங்க நங்கையா மகனுக்குக் கல்யாணம் வந்துச்சு. நங்கையான்னா எங்கூட்டுக்காரரோட அக்கா. இவளுக்குப் பட்டுப்பாவாடை, தாவணி, ரவிக்கை எல்லாம் தைக்கக் கொடுத்தோம். ரவிக்கை கையில ஏறவே இல்லீங்க. அளவு கொடுத்து ஒரு மாசத்துல அப்படி. தையக்காரம்மா முன்னாடியே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்கப்பன் வூட்டு உடம்பு, அப்படித்தான். நங்கையாளும் சுரைக்காயாட்டம்தான் இருப்பாங்க. கல்யாண மண்டபத்துல அவங்க வேற இவளைப் பக்கத்துல நிக்க வெச்சு, "இவதான் எம்பட வாரிசு, பாருங்க"ன்னு இடுப்பைக் கிள்ளிக் காட்டறாங்க. போட்டோகாரர் வரைக்கும் சிரிச்சுட்டாரு. ஒறம்பரை சனமெல்லாம் கூடியிருக்கறப்ப இப்படி ரெண்டு பேச்சு இருந்தாத்தான கலகலப்பு.

நான் எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங். அந்தக் கல்யாணத்துக்கு அப்பறம்தான் இவளுக்குக் குப்பைத் தொட்டி மேல ஈடுபாடு ரொம்ப அதிகமாயிருச்சு. அதைச் சொல்ல வந்தேன்.

மொதல்ல எல்லாம் நான்தான் காய்த்தோலைக் கொண்டுபோய்ப் போடுவேன், அவ எலையைத் தூவுவா. அப்பறம் என்னைத் தொட விடலை. "நீ போட்டா அளவு மாறிரும்மா, எல்லாத்தையும் எங்கிட்டக் கொடு"ன்னுட்டா. சாப்பாட்டைத் தட்டுல போட்டுக் கொடுத்தா எடுத்துக்கிட்டு பொடக்காளிக்குப் போயிருவா. அங்கதான் காத்து வருதாமா, அங்கயே உக்காந்து சாப்பிட்டுக்கறாளாமா. சாப்பிட்டு, தட்டையும் அவளே கழுவிக் கொண்டுவந்து வெச்சுருவா. வயசுப் புள்ள கையில போனில்லாம, சத்தங்காட்டாம பொட்டாட்ட ஒரு வேலையைச் செய்யுதுன்னா எந்தத் தாய்க்குப் பூரிப்பா இருக்காது சொல்லுங்க. எங்க தெருவுல ஒருத்தர் விடாமச் சொன்னேன்.

உடம்பும் இறங்குச்சு. மாசிப் பங்குனியிலயே தெரிஞ்சுது. பார்க்கறவங்க எல்லாம், "என்ன கொடுக்கறீங்க, புள்ள அப்படியே சினிமாவுல வர்றாப்புல ஆயிருச்சே"ங்கறாங்க. குனிஞ்சு நிமிர்ந்து தொட்டி வேலை பண்றா, அதான்னு நான் சொல்லுவேன். இப்பத்தான் கண்ணு லட்சணமா இருக்கேன்னு அவகிட்டயும் சொன்னேன். நானே தையக்காரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி ரவிக்கையெல்லாம் பிடிச்சுக் கொடுக்கச் சொன்னேன். சந்தோசமாத்தான் போனோம். திரும்பி வர்றப்ப அவ எங்கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

வளர்ற புள்ளையாச்சே, நல்லாத் திங்கட்டும்னு இன்னும் வகை வகையாச் செஞ்சேன். சந்தகை, பணியாரம், ராகியில அடை, காலையில பாதாம் ஊறவெச்சுத் தோலுரிச்சு. எல்லாம் காலித் தட்டாத்தான் திரும்பி வரும். எனக்கு வேற என்ன வேணும்?

வைகாசியில தொட்டி நாத்தம் எடுக்க ஆரம்பிச்சுது. வடிஞ்ச தண்ணி துவைக்கற கல்லு வரைக்கும் ஓடி வந்துச்சு. கேட்டா, "இது வெயில் காலத்துல இப்படித்தான் இருக்கும்"பா. மூட்டை மூட்டையா வேப்பிலைச் சருகைக் கூட்டிக் கொண்டாந்து கொட்டுவா. அப்பவும் அடங்கலை.

அந்தச் சமயத்துலதான் எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம், குப்பையைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லி வண்டிக்காரங்க சத்தம் போடறாங்க, உங்க வூட்ல எப்படிப் பண்றீங்கன்னு வந்து பார்க்கறோம்னாங்க. எனக்குப் பெருமைதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லிட்டேன். பிரகதிக்கு அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ். முந்தின நாளே சொன்னா, "வேண்டாம்மா. சரியா மக்கலை. இன்னொரு நாள் கூப்பிடலாம்"னு. சொல்லிச் சொல்லிப் பார்த்தா. இந்தப் புள்ளைக்கு எவ்வளவு அடக்கம் பாருன்னு நினைச்சேனுங்க நான்.

வந்தாங்க. கச்சாயம் சுட்டு வெச்சிருந்தேன். தொட்டி மூடியைத் தூக்கினதும் எல்லாரும் சேலைத் தலைப்பை மூக்குல வெச்சுட்டாங்க. எதிர் வூட்டு தெய்வானை அக்கா, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க, ஒரு குச்சியை எடுத்து ஆழமா விட்டுக் கிளறினாங்க. சருகு அக்கட்டால போச்சு. கீழ இருந்து முழுசு முழுசாப் பணியாரம் வருது. இட்லி வருது. அவங்க என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, உங்க வூட்ல யாருமே சாப்பிடறதில்லீங்களா?"ன்னாங்க.

பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும். என் கைப்பக்குவத்தைப் பத்தி இந்த இருபது வருசத்துல எவளும் ஒரு சொல்லு சொன்னதில்லை. டீயைக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு வந்து அந்தத் தொட்டி முன்னாடி உக்காந்தேன். மொதல்ல எங்கூட்டுக்காரரைத்தான் நினைச்சேன். அவிங்களுக்குச் சக்கரை இருக்கு, எனக்குத் தெரியாம ஒதுக்கறாங்களோன்னு. ஆனா அவிங்க எம்முன்னாடி உக்காந்துதான சாப்பிடறாங்க, ரெண்டாந்தரம் வேற வாங்கிக்குவாங்களே.

கையை விட்டேனுங்க. குச்சியெல்லாம் வேண்டாம்னு கையையே விட்டுட்டேன்.

எங்கையால செஞ்சது எனக்கு அடையாளம் தெரியாதா அம்மிணி? மேல அன்னிக்குக் காலையில வெச்ச இட்லி. அதுக்குக் கீழ சந்தகை, கட்டியாப் போயி. சப்பாத்தியை இறுக்கமாச் சுருட்டி, சின்னச் சின்னதாச் சொருகியிருக்கா. பாதாம் மக்கவே இல்லை, நான் தோலுரிச்சது உரிச்சபடி அப்படியே கெடக்கு, அள்ள அள்ள வருது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த அரிசிம்பருப்புச் சோறு டிபன் பாக்ஸோட சதுரத்துலயே இருக்கு, அப்படியே கவுத்தியிருக்கா. அவ பொறந்த நாளைக்குச் செஞ்ச ஒப்புட்டு. அன்னிக்கு "இன்னொண்ணு போடு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாளுங்க. ரெண்டும் அங்கதான் இருந்துச்சு.

நடுத் தொட்டியையும் எறக்கிப் பார்த்தேன். அடித் தொட்டியையும் பார்த்தேன். அவ நல்லாச் சாப்பிட்டதா நான் நினைச்சிருந்த நாளெல்லாம் அதுலதான் இருந்துச்சு.

சாயங்காலம் வாசல் கேட்டு தொறக்கற சத்தம் கேட்டுச்சு. அவ வந்து நின்னா. எங்கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கருப்பா, புழு ஊர்ந்துட்டிருக்கு. அவ அழுவான்னு பார்த்தேன். இல்லீன்னா எதாச்சும் பொய் சொல்லுவான்னு பார்த்தேன். "மூடி வைம்மா, ஈ மொய்க்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அவிநாசி வந்துருச்சுங்களா? இல்லை, இன்னும் இருக்கு.

அன்னிக்கு மறுபடி உலை வெச்சேன். அவளுக்குப் பிடிச்ச அரிசிம்பருப்பு, நெய்யை ஊத்தி, பக்கத்துல உக்காந்து ஊட்டினேன். வாயைத் திறந்தா, முழுங்கினா, திறந்தா, முழுங்கினா. கண்ணுல தண்ணி ஓடுது, துடைக்கலை. தட்டு காலியானதும், "போதுமா?"ன்னு கேட்டா. தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

அவங்கப்பாகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கோவம் வராத மனுசன். பெட்சீட்டு குடோன்ல வேலை செய்யறவங்ககிட்டக் கூட ஒரு சொல்லு அதட்டிப் பேசமாட்டாங்க. பொடக்காளிக்குப் போயி மூணு தொட்டியையும் தூக்கிச் செவுத்துல அடிச்சுட்டாங்க. அடிச்சுட்டு அங்கயே கெடந்த கல்லு மேல உக்காந்து அழுதாங்க. "நான் சம்பாரிக்கறது எதுக்குடி, எதுக்கு"ன்னு. இவ ஒவ்வொரு ஓட்டாப் பொறுக்கிச் சேர்த்து வெச்சா. உள்ள கொஞ்சம் நல்ல மண்ணு இருந்துச்சுங்க, அடியில, பழசு. அதை மட்டும் தனியா அள்ளி செம்பருத்திக்குப் போட்டா.

தொட்டி போச்சுன்னா சரியாயிரும்னு இருந்தோம். எங்க சரியாகுது. வாசிங் மிசினுக்குப் பின்னாடி நாத்தம் வரும். போயிப் பார்த்தா அங்க இருக்கும். புஸ்தகப் பையைக் கவுத்தினா கர்ச்சீப்புல சுத்தி இருக்கும். நான் அவ பின்னாடியே நடந்தேன். குளிக்கறப்பக் கதவுக்கு வெளிய நின்னேன். சாமி கும்பிட்டேன், திட்டினேன், ஒரு நாள் கால்ல விழுந்தேன். பெத்த புள்ளை கால்லதான், பரவால்லன்னு விழுந்தேன். "எந்திரிம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு"ன்னா. எந்திரிச்சு, சரி, ஒரு வாழைப்பழமாச்சும் சாப்பிடுன்னேன். கதவைச் சாத்திட்டா.

ஆடியில பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. எஸ்தர் மிஸ்தான் ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. ஆசுபத்திரியில நரம்பு கெடைக்கலைங்க ஊசி போட. அந்தக் கையை நான் பார்த்தது அன்னிக்குத்தான், முழுக்கைச் சட்டையைத் தூக்கினப்ப. எங்கிருந்துங்க வந்துச்சு இதெல்லாம்? நம்ம வூட்ல என்ன கொறைங்க? அவளை யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமா? பள்ளிக்கூடத்துல எவளோ என்னமோ சொல்லியிருக்கணும். இல்லீன்னா அந்தப் போனுல பார்த்திருக்கணும். எங்க நங்கையா சொல்றாங்க, கண்ணுதான், கல்யாணத்துல அத்தனை பேரு கண்ணும் இவ மேலதான் இருந்துச்சுன்னு. சுத்திப் போட்டோம்.

ஈரோட்டு டாக்டர் இது எங்களால ஆகாது, கோயமுத்தூர் போங்கன்னு அனுப்பினாரு. அங்க ஒரு லேடி டாக்டர். பொறுமையானவங்கதான். மொதல்ல அவளோட தனியாப் பேசினாங்க, நான் வெளிய உக்காந்திருந்தேன். என்ன பேசினாங்கன்னு எங்கிட்டச் சொல்லமாட்டேனுட்டாங்க. அப்பறம் என்னைக் கூப்பிட்டு, இது ஒரு நோய், அவ வேணும்னு பண்ணலை, நீங்களும் வேணும்னு பண்ணலைன்னாங்க. நான் என்னத்தைப் பண்ணினேன்? எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு இன்னும் புரியலை. அப்பறம், "அம்மா, எப்பெப்ப என்ன கொடுக்கோணும்னு நான் சொல்றேன். அதை வெச்சுட்டு நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க. ஆனா சாப்பாட்டைப் பத்திப் பேசாதீங்க. உடம்பைப் பத்தியும் பேசாதீங்க. அவ உடம்பு, உங்க உடம்பு, யாரு உடம்பைப் பத்தியும்"னாங்க.

அதைப் பேசாம வேற என்னத்தைப் பேசறதுங்க? காலையில எந்திரிச்சா என்ன செய்யறதுன்னு கேட்போம், மத்தியானம் சாப்பிட்டயான்னு கேட்போம். ஒரு தாய்க்கும் புள்ளைக்கும் வேற என்ன பேச்சு இருக்கு? நான் வாயை மூடிக்கிட்டா வூடே சத்தமில்லாமப் போயிருது. கடியாரம் ஓடறது கேக்குது. நீங்களும் நல்லாச் சாப்பிடுங்க அம்மிணி, கழுத்தெலும்பு தெரியுது. கோச்சுக்காதீங்க, அக்காவாட்டம் சொல்றேன்.

ஆனாலும் வாயைக் கட்டிக்கிட்டுத்தானுங்க இருந்தேன். டாக்டர் சொன்னபடியே. தட்டை வெச்சா அவ மொகத்தைப் பார்க்கமாட்டேன், செவுத்தைப் பார்த்துக்கிட்டு நானும் சாப்பிடுவேன். கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பாடு எறங்க ஆரம்பிச்சுது. பாதி இட்லி. அப்பறம் ஒண்ணு. அவங்கப்பா குடோன் கதையை எல்லாம் சொல்லுவாங்க, இவ லேசாச் சிரிப்பா. போன ஞாயித்துக்கிழமை தோசை. நான் சுட்டு வெச்சுட்டு உக்காந்தேன். ஒண்ணை முழுசாச் சாப்பிட்டாளுங்க. பிச்சு ஒளிக்கலை, நான் ஓரக்கண்ணுல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சாப்பிட்டு முடிச்சு, அவளே கையை நீட்டி ரெண்டாவது தோசையை எடுத்தா. அவங்கப்பா பேச்சை நிறுத்திட்டாங்க. எத்தனை மாசமாச்சு. நான் பெருசா ஒண்ணும் சொல்லலைங்க. மெதுவா, ஆசையா, "இப்பத்தான் கண்ணு கன்னத்துல கொஞ்சம் சதை வந்திருக்கு"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

தோசையை வெச்சுட்டா. கையைக் கழுவிட்டுப் போயி கண்ணாடி முன்னாடி நின்னா. ரொம்ப நேரம் நின்னா. கன்னத்தை இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அன்னியில இருந்து தண்ணியும் கொஞ்சம் மோரும்தானுங்க. டாக்டருக்குப் போன் பண்ணினேன், தள்ளிப் போடாம உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. இந்தத் தடவை அங்கயே வெச்சுக்குவாங்களாட்ட இருக்கு. துணிமணி எல்லாம் எடுத்துட்டுத்தான் வந்திருக்கோம். அவ பக்கத்து சீட்டுல வெச்சிருக்கறது அந்தப் பைதான்.

நான் சொன்னதுல என்னங்க தப்பு? நீங்க படிச்சவங்களாட்டம் தெரியறீங்க, சொல்லுங்க. நல்லாருக்கேன்னு சொன்னாலும் தப்பா?

சரி விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. டாக்டரே ஒண்ணும் பண்ண முடியலை.

கருமத்தம்பட்டி எப்பவோ போயிருச்சு போல. ஆமா, இது ஹோப்ஸ் பாலம்தான். இங்கதான் எறங்கோணும். பாருங்க, அவ எந்திரிக்கலை. தலை ஜன்னல்ல சாஞ்சிருக்கு. தூங்கிட்டா. இப்பெல்லாம் உக்காந்த எடத்துலயே தூங்கிருவா, தெம்பில்லை.

அம்மிணி, ஒரு உதவி பண்ணுங்க. உங்க பையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க கொஞ்சம் போயி அவளைத் தொட்டு எழுப்பி விடறீங்களா? நான் தொட்டா, எலும்பைத் தடவிப் பார்க்கறேன்னு நினைச்சுக்குவா.